தோப்புக்காக அரசன் முன் அழுத பெண்கள்

கேள்வி: கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய மக்கள் இயற்கையை நேசித்து வாழ்ந்த தூய மரபினர் என்றும், அவர்களுடைய பேகன் மதம் இரகசியமாக இன்றுவரை அறுபடாமல் தொடர்கிறது என்றும் படித்தேன். இன்றைய சுற்றுச்சூழல் நெருக்கடிக்கு அந்த மரபுக்குத் திரும்புவதுதானே தீர்வு? - வாசகர், திருநெல்வேலி

பதில்: அந்த மரபின் மீது எனக்கும் ஆழ்ந்த மதிப்பு உண்டு. அதனாலேயே நேசம், இரகசியத் தொடர்ச்சி, தூய்மை என்ற உங்கள் மூன்று சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஐரோப்பாவில் கடைசியாகக் கிறித்தவத்தை ஏற்ற நாடு லிதுவேனியா. அரசன் யொகைலா போலந்தின் மணிமுடிக்காக 1386-இல் ஞானஸ்நானம் பெற்றான். அடுத்த ஆண்டு நாடு மதம் மாறியது. அதன் மேற்குப் பகுதியான ஜெமைத்தியா 1413-இல்தான் மாறத் தொடங்கியது. எனவே பழைய வழிபாட்டை நேரில் கண்டவர்களின் சாட்சியம் நமக்கு இங்கிருந்துதான் ஓரளவு தெளிவாகக் கிடைக்கிறது.

அப்படிக் கண்டவர்களில் ஒருவர் பிராக் நகரத்து ஹிரோனிமுஸ் என்ற துறவி. (ஏறத்தாழ அதே காலத்தில் தீயிலிடப்பட்ட, மதச் சீர்திருத்தவாதி ஹுஸ்ஸின் தோழரான ஹிரோனிமுஸ் வேறொருவர்.) லிதுவேனியாவில் தாம் செய்த மதப் பணியைப் பற்றி அவர் கூறியதை, பின்னாளில் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவரான ஏனியா சில்வியோ எழுதி வைத்தார். வீட்டு மூலையில் பாம்பை வைத்து உணவூட்டி வணங்கிய குடும்பங்களை அந்தத் துறவி முதலில் கண்டார். பாம்புகளைப் பொது இடத்துக்குக் கொண்டுவரச் செய்து எரித்தார். அணையாத தீயைக் காத்த பூசாரிகளையும், பெரிய இரும்புச் சுத்தியலை வணங்கியவர்களையும் அடுத்தடுத்துக் கண்டார். இறுதியாகப் புனிதத் தோப்புகளை வெட்டத் தொடங்கியபோது, பெண்கள் திரளாக அரசன் வீத்தவுதாஸிடம் சென்று அழுதார்கள். மழையையும் வெயிலையும் வேண்டிப் பெற்ற தோப்பு போய்விட்டது. தெய்வத்தின் வீட்டையே பறித்துவிட்டார்கள். இனி அந்தத் தெய்வத்தை எங்கே தேடுவது என்பதே அவர்களுடைய முறையீடு. ஆண்களும் வந்து முறையிட்டார்கள். மக்கள் தன்னைவிட்டுப் போய்விடுவார்கள் என்று அஞ்சிய அரசன், துறவிக்குக் கொடுத்திருந்த அதிகாரக் கடிதங்களைத் திரும்பப் பெற்று, நாட்டை விட்டு வெளியேறச் சொன்னான்.

இந்தச் செய்தியை எதிர்த்தரப்பில் நின்றவரே சொல்லியிருப்பதால் அதற்கு எடை அதிகம். அந்தப் பெண்கள் அழுதது காடு என்ற பொதுப்பொருளுக்காக அன்று. தங்கள் தெய்வம் குடியிருந்த அந்த ஒரு தோப்புக்காக. அண்டை நாட்டுப் பிரஷ்யர்களைப் பற்றி 1326-இல் வரலாறு எழுதிய துஸ்பூர்க் பீட்டரும், அவர்களுக்குப் புனிதமான தோப்புகளும் வயல்களும் நீர்நிலைகளும் இருந்தன என்றும், அங்கே மரம் வெட்டவோ உழவோ மீன்பிடிக்கவோ துணிய மாட்டார்கள் என்றும் குறிக்கிறார். அந்தப் புனித இடங்களின் எல்லைக்கு அப்பால் அதே மக்கள் காட்டை வெட்டினார்கள், உழுதார்கள், வேட்டையாடினார்கள். 1377-இல் இறந்த அரசன் அல்கிர்தாஸின் சிதையில் அவனுடைய குதிரைகளையும் சேர்த்து எரித்தார்கள். 1382-இல் அவன் தம்பி கெஸ்துதிஸின் சிதையில் குதிரைகளோடு வேட்டை நாய்களும் பருந்துகளும் எரிந்தன. இதை இன்றைய பொருளில் இயற்கை நேசம் என்று அழைத்தால், அவர்களிடம் உண்மையில் இருந்த அச்சத்தையும் கடமையுணர்வையும் நாம் அழித்துவிடுகிறோம். தெய்வம் இருக்கும் இடத்தைத் தொடாதே என்ற விதி அந்த இடத்தைக் காத்தது. ஆற்றுப் படுகை முழுவதையும், காற்றையும், கடலையும் காக்கும் விதியாக அது ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே இன்றைய நெருக்கடிக்கான தீர்வை அதனிடம் கேட்பது, அது ஏற்காத சுமையை அதன் தலையில் ஏற்றுவதாகும்.

இரகசியத் தொடர்ச்சி என்பதும் சான்றுக்கு நிற்காது. இங்கிலாந்தின் தொன்மையான கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் கி.மு. 2500 அளவில் நிறுத்தப்பட்டவை. அதைக் கட்டியதாகப் பலர் நம்பும் துருயிதுகள் என்ற கெல்டியப் பூசாரிகளைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் அதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தியவை. லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் 1792-இல் ‘தொன்மையான’ துருயிதுச் சடங்கை நடத்திய அயோலோ மோர்கன்வக், அதைத் தானே இயற்றியவர். பிரஷ்யாவின் ரொமுவா என்ற இடத்தில் கருவாலி மரத்தில் மூன்று தெய்வங்கள் வீற்றிருந்ததாக 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைமன் குருனாவ் தந்த விரிவான வருணனையையும் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கற்பனை என்றே கருதுகிறார்கள்.

உண்மையில் எஞ்சியது எது என்று கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன், ஏனெனில் அது வியக்கத்தக்க அளவு பெரியது. லாத்வியாவில் ‘தைனா’ எனப்படும் நாலடி நாட்டுப் பாடல்களைச் சிறு தாள்களில் எழுதி, இழுப்பறைகள் கொண்ட ஓர் அலமாரியில் வகைப்படுத்தியவர் கிரிஷ்யானிஸ் பாரன்ஸ். 1894 முதல் 1915 வரை அவர் பதிப்பித்த பாடல்கள் 2,17,996. அந்த அலமாரி 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அந்தப் பாடல்களில் சூரியன் பெண். களைப்பறியாத குதிரைகளோடு வானில் செல்கிறாள். தாயற்ற சிறுமிக்குத் தாயாகிறாள். இடித்தெய்வம் பெர்கோன்ஸ் வருகிறார். பிறக்கும் குழந்தையின் வாழ்வை லைமா என்ற தேவதை வகுக்கிறாள். இவற்றைப் பாடியவர்கள் எந்த இரகசியச் சபையின் உறுப்பினர்களும் அல்லர். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குச் சென்ற உழவர் குடும்பத்துப் பெண்களே அவர்களில் மிகுதி. ஜூன் 23 இரவில் கருவாலி இலை முடி சூடி, நெருப்பு மூட்டி, விடியும்வரை பாடும் வழக்கம் அங்கே இன்றும் ஊர்தோறும் உண்டு.

லிதுவேனியாவில் யோனாஸ் திரிங்கூனாஸும் நண்பர்களும், சோவியத் ஆட்சியின் கண்காணிப்புக்கு நடுவே, 1967-இல் கெர்னவே குன்றுகளில் அந்தக் கோடை விழாவை மீண்டும் கொண்டாடினார்கள். 1973-இல் அவர் பல்கலைக்கழக வேலையை இழந்தார். அந்த இயக்கமே விடுதலைக்குப் பின் 1992-இல் ரொமுவா என்ற பெயரில் மதச் சமூகமாகப் பதிவானது. நாடாளுமன்றம் அரசு அங்கீகாரம் தர மறுத்ததால் வழக்குத் தொடுத்து, 2021-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்று, 2024 டிசம்பரில் அந்த அங்கீகாரத்தையும் பெற்றார்கள். பாடல்களையும் ஏடுகளையும் கற்று, பகல் வெளிச்சத்தில் மீட்டுருவாக்கிய மதம் அது. அப்படிச் சொல்வதால் அதன் மதிப்பு சிறிதும் குறைவதில்லை.

‘தூய மரபு’ என்ற சொல்லைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். கரோலிங்கிய மன்னன் சார்லமேன் 772-இல், கிறித்தவத்தை ஏற்காதிருந்த சாக்சன்களின் புனிதத் தூணான இர்மின்சூலை அழித்தான். 782-இல் இன்றைய ஜெர்மனியின் வெர்டனில் 4,500 சாக்சன்களைக் கொல்வித்ததாக அக்காலக் குறிப்பு கூறுகிறது. அந்தக் கொடுமை நினைவுகூரப்பட வேண்டியதுதான். ஆனால் 1935-இல் அங்கே 4,500 கற்களை நிறுத்தி நினைவிடம் எழுப்ப முன்னின்றவன் நாஜித் தலைவர்களில் ஒருவனான ஹிம்லர். கொல்லப்பட்ட அந்தப் பேகன்களின் பெயரை இனத்தூய்மைக்குக் கொடியாக்கிய அதே கை, சில ஆண்டுகளில் எத்தனை இலட்சம் மக்களை அழித்தது என்பது உங்களுக்குத் தெரியும். பேகன் ஆட்சியாளர்கள் அப்படிப் பேசவில்லை. கிறித்தவர்கள் தங்கள் முறைப்படியும், ருத்தேனியர் (கிழக்கு ஸ்லாவியர்) தங்கள் சடங்கின்படியும், போலந்தியர் தங்கள் வழக்கப்படியும், நாங்கள் எங்கள் முறைப்படியும் வணங்குகிறோம், நம் எல்லோருக்கும் கடவுள் ஒருவரே என்று 1324-இல் போப்பின் தூதர்களுக்கு மறுமொழி சொன்னவன், அல்கிர்தாஸின் தந்தையான கெதிமினாஸ். நீங்கள் படித்த கட்டுரையில் மூதாதையரின் இரத்தம், கலப்பற்ற இனம் என்ற பேச்சு எங்கேனும் இருந்தால், அதை எழுதியவர் கெதிமினாஸின் பக்கம் நிற்பவர் அல்லர் என்று உறுதியாகக் கொள்ளுங்கள்.