பன்னிரண்டில் இரண்டு

கேள்வி: என் மகன் கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். அவனும் நானுமாகச் சேர்ந்து 12 அறிவியல், கணிதத் துணுக்குகளை எழுதிச் சிறுவர் பக்கத்துக்கு அனுப்பினோம். 6174 என்ற எண்ணைப் பற்றியதையும், இடிச் சத்தத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவதையும் மட்டும் வெளியிட்டுவிட்டு, மற்ற பத்தையும் விட்டுவிட்டீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வருவதென்றால் அவ்வளவு இளக்காரமா? பிள்ளைகளுக்கு நாலு விஷயம் கூடுதலாகத் தெரிந்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

— வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: எல்லைப் பேச்சை முதலில் ஒதுக்கிவைப்போம். இந்தப் பக்கத்தைத் திருத்துகிற நான் படித்ததே பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் உள்ள ஒரு தமிழ்ப் பள்ளியில்தான். வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் துணுக்குகளை யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை. உங்கள் பத்தையும் நிறுத்தியவன் நான்தான்.

உங்கள் பட்டியலில் நான்காவது, ‘மின்னல் ஒரே இடத்தில் இரண்டு முறை விழாது’ என்பது. ஐப்பசி மாதத்துப் பிற்பகலில் வானம் கறுத்துக்கொண்டு துலாமழை இறங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நியூயார்க்கில் உள்ள எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய இருபது முறையாவது மின்னல் இறங்குகிறது. சுற்றுப்புறத்தில் எது உயர்ந்து தனித்து நிற்கிறதோ, அதன்மேல் மின்னல் திரும்பவும் விழ வாய்ப்பு அதிகம். உங்கள் ஊர் வரப்பில் நிற்கிற பனைக்கும் இது பொருந்தும். போன ஆண்டு இடி விழுந்து கொண்டை கருகிப்போன பனைக்கு இனி ஆபத்தில்லை என்று நம்பி, ஒரு பிள்ளை மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், அந்தத் துணுக்கை அச்சிட்டவன் என்ன பதில் சொல்வது? அதே தாளில் ஒன்பதாவதாக நீங்களே எழுதியிருந்ததைப் பாருங்கள்: மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்கி, இடி காதில் விழுந்ததும் நிறுத்தி, எண்ணிய நொடிகளை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருந்தது என்பது கிடைத்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால் வருகிற கணக்கு அது. திண்ணையில் இருந்தபடியே ஒரு பிள்ளை செய்து பார்க்கலாம். 30 நொடிக்குள் இடி கேட்டால் வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்ற வரியை மட்டும் நான் சேர்த்தேன்.

சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்பது உங்கள் முதல் துணுக்கு. இதில் உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு அருகதை குறைவு; பல ஆண்டுகளுக்கு முன் நானே இதை இந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு சிறுமி அஞ்சலட்டையில் கேட்டாள்: “அந்தச் சுவர் நிலாவிலிருந்து தெரியும் என்றால், அதைவிட அகலமான எங்கள் பொள்ளாச்சி ரோடும் தெரிய வேண்டுமே?” அதன் பிறகுதான் நான் பென்சிலை எடுத்தேன். சுவரின் அகலம் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நிலாவிலிருந்து அதைப் பார்ப்பது, கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் நின்றுகொண்டு நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் பிடித்திருக்கும் தலைமுடி ஒன்றைப் பார்ப்பதற்குச் சமம். நீளம் எத்தனை ஆயிரம் கிலோமீட்டராக இருந்தாலும் கண்ணுக்குத் தெரிய அகலம் வேண்டும். 2003-இல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவே, நிலாவுக்கு வெகு கீழே பூமியைச் சுற்றிவிட்டு வந்தும், சுவர் தம் கண்ணில் படவில்லை என்றே சொன்னார்.

மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது, வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது, தங்கமீனின் ஞாபகம் மூன்று நொடி என்பது: மூன்றும் தவறு. உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை உடலின் ஆற்றலில் ஏறக்குறைய இருபது சதவீதத்தைச் செலவழிக்கிறது. பத்தில் ஒன்பது பங்கைச் சும்மா வைத்துக்கொண்டு இவ்வளவு தீனி போட நம் உடல் என்ன ஜமீனா? ஒளியின் வேகம் பற்றிய துணுக்கு சரிதான். ஆனால் பள்ளிப் பாடத்தில் உள்ளதை இங்கே மறுபடி அச்சிட வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது ஏழாவது துணுக்குதான்: ‘நண்பகல் 12 மணிக்குச் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும், அப்போது நிழல் விழாது.’ கைக்கு எட்டிய பழத்தை அழுகவிட்டதுபோல் ஆகிவிட்டது. நம் கடிகாரங்கள் எல்லாம் மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன. உங்கள் ஊரோ ஏறக்குறைய 76.8 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால் சூரியன் உங்கள் உச்சிக்கு வருவதற்கு ஏறக்குறைய 23 நிமிடம் பிந்தும். பருவத்துக்குத் தக்கபடி இது சில நிமிடங்கள் கூடும், குறையும். அப்படி வந்தாலும் தலைக்கு நேர் மேலே நிற்பது ஆண்டில் இரண்டு நாள்களில் மட்டுமே: உங்கள் ஊருக்கு ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி மற்றொன்று. விஷு முடிந்து மூன்று நான்கு நாள் கழித்து, பள்ளியும் இல்லாத வேளையில், கொத்தனாரின் தூக்குக் குண்டை இரவல் வாங்கி, முற்றத்தில் ஒரு கம்பைச் சாய்வில்லாமல் நட்டு, 12 மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கரியால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், நிழல் சுருங்கிச் சுருங்கிக் கம்பின் காலடிக்குள் ஒளிந்துகொள்வதை உங்கள் மகன் தன் கண்ணாலேயே காண்பான். கடகரேகைக்கு வடக்கே இருக்கிற டில்லிப் பிள்ளைக்கு இது ஒருநாளும் வாய்க்காது.

இனி, 6174-ஐ ஏன் போட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாசிக்குக்கு அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் 1949-இல் கண்டுபிடித்த வழி இது. நான்கு இலக்கமும் ஒன்றாக இல்லாத எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, விடையையும் அப்படியே செய்துகொண்டு போனால், ஏழு தடவைக்குள் 6174 வந்து நிற்கும். கேரள மாநிலம் உருவான 1956-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 9651-இல் 1569 போனால் 8082; 8820-இல் 0288 போனால் 8532; 8532-இல் 2358 போனால் 6174. அந்த இதழைப் பார்த்துவிட்டு ஒரு மாணவன், 2111-ஐ எடுத்தால் அடுத்து 999 வந்து, அதற்கடுத்து வெறும் பூஜ்யம் வருகிறதே என்று சண்டைக்கு வந்தான். 0999 என்று நான்கு இலக்கமாக எழுதிப் பார்க்கச் சொன்னேன். ஐந்தாவது தடவையில் வந்துவிட்டது. நான் இந்தப் பக்கத்தை நடத்துவது இப்படிச் சண்டைக்கு வருகிற பிள்ளைகளுக்காகத்தான். பிள்ளை தானே செய்து சரிபார்ப்பதற்கு உங்கள் பன்னிரண்டில் இரண்டில்தான் வழி இருந்தது.

கடைசித் துணுக்கான ‘ஒரு தாளை யாராலும் ஏழு முறைக்கு மேல் மடிக்க முடியாது’ என்பதைக் கொஞ்சம் திருத்தினால் போடலாம். 2002-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரிட்னி கேலிவன் என்ற பள்ளி மாணவி, ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான மெல்லிய தாள் சுருளை 12 முறை மடித்துக் காட்டியிருக்கிறார். மடிக்க மடிக்கத் தடிமன் இரட்டிப்பாகும். பரப்பு அரை, கால், அரைக்கால், மாகாணி, அரை வீசம் என்று பாதி பாதியாகக் குறையும். மாகாணி மலையாளத்திலும் மாகாணிதான் என்பதால், உங்கள் மகன் இதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்தே எண்ணலாம். உங்கள் பட்டியலைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் கையில் அந்தத் தாள் ஆறாவது மடிப்போடு நின்றுவிட்டது.