அந்தச் செயின் என்ன ஆயிற்று?

கேள்வி: போன சனிக்கிழமை ஒரு சீரியல் முடிந்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் நாலு பெண்கள் கூடினால் இதே பேச்சு. முடிவு சரியில்லையாம். சிலர் கதாநாயகியாக நடித்தவரின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கே போய்த் திட்டிவிட்டு வருகிறார்கள். தண்ணீர் லாரி வராத நாளில்கூட இவ்வளவு கோபத்தை நான் பார்த்ததில்லை. இல்லாத ஒரு குடும்பத்துக்காக இப்படி அடித்துக்கொள்வது வேலையற்ற வேலைதானே?

– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: இல்லை.

தண்ணீர் லாரியிலிருந்தே தொடங்குகிறேன். வடசென்னையில் காலிக்குடத்தை ரோட்டில் வரிசையாக வைத்து பஸ்ஸை மறித்தவர்கள் யார்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, கண் எரிய, மூச்சு முட்டப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் யார்? ஆலையைத் திறக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்களே, அவர்களில் எத்தனை பேர் பெண்கள்? எதற்குக் கோபப்பட வேண்டும் என்று வடசென்னைப் பெண்களுக்கு நீங்களோ நானோ சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் ஒரு சீரியல் முடிவைப் பார்த்துக் கோபப்பட்டால், எதற்கு என்று முதலில் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா அந்த சீரியலை ஒரு நாள் விடாமல் பார்த்தவர். விடியுமுன் காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்பவர், ராத்திரி ஒன்பதரை வரை தூக்கத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர். முடிவு எப்படி என்று கேட்டேன். சங்கராவைச் செதில் சீவிக்கொண்டே சொன்னார்: “செயினு இன்னா ஆச்சு சார்? அத்த சொல்லாமயே வணக்கம் போட்டுட்டானுங்கோ.”

கதையில் கதாநாயகி கொழுந்தனின் ஆபரேஷனுக்காகத் தன் தாலிச் செயினை மாமியாருக்குத் தெரியாமல் அடகு வைக்கிறாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்வாள். இதை வைத்தே பல வாரம் ஓட்டினார்கள். கடைசி எபிசோடில் வில்லி ஒரே சீனில் திருந்துகிறாள், ஜெயிலுக்குப் போனவன் காலில் விழுகிறான், குடும்பமே சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறது. செயினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் கழுத்தில் அது இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை, மாலை மறைத்துவிட்டது.

அக்காவின் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. “அசலு கட்னாளா, வட்டி மட்டும் கட்னாளா? ஏலத்துல போயிருந்தா?” சேட்டுக் கடையில் நகை வைத்து, ரசீதை அரிசி டப்பாவுக்குள் மறைத்து, கெடு தாண்டுமுன் மீட்க அலைந்த எந்தப் பெண்ணும் கேட்கிற கேள்வி இது. கதை எழுதியவருக்கு அந்தச் செயின் நாலு வாரத்துக்கான அழுகை. பார்த்தவருக்கு அது நகை. இதற்குப் பெயர் வேலையற்ற வேலை இல்லை, ஐயா. கதையை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார். நம் விமர்சகர்களில் பாதிப் பேர் இவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை.

இது புதிதும் அல்ல. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. முடிந்தபோது வாசகர்கள் இதையேதான் செய்தார்கள். கதை திடீரென்று நின்றுவிட்ட மாதிரி இருக்கிறதே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி அவர்களை வேலையற்றவர்கள் என்று சொல்லவில்லை. உட்கார்ந்து ஒரு முடிவுரை எழுதி அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். வாரம் தவறாமல் காத்திருந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது. இன்று அது எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

படித்தவர்கள் பார்க்கும் ஆங்கிலத் தொடர் என்றால் மட்டும் இந்தக் கோபத்துக்கு மரியாதை கிடைக்கிறது. கேம் ஆஃப் த்ரோன்ஸ் 2019 மே மாதம் முடிந்தது. கடைசி சீசனையே திரும்ப எடுங்கள் என்று 10 லட்சம் பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். த சொப்ரானோஸ் 2007இல் முடிந்தபோது கடைசிக் காட்சியின் நடுவில் திரை சட்டென்று கறுப்பாகிவிட, பலர் கேபிள் போய்விட்டது என்றே நினைத்தார்கள். அந்தக் கறுப்புத் திரைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை கட்டுரை எழுதுகிறார்கள். அவர்களை ரசிகர்கள் என்கிறோம். கொருக்குப்பேட்டைப் பெண் கேட்டால் வேலையற்றவள் என்கிறீர்கள்.

சரி, முடிவுகள் ஏன் இப்படி அரைகுறையாக வருகின்றன? வாரா வாரம் வியாழக்கிழமை டிஆர்பி கணக்கு வருகிறது. எண் இறங்கினால் முதலில் நேரத்தை மாற்றுவார்கள், ராத்திரி வந்தது மதியத்துக்குப் போகும். அப்புறம் அந்த இடத்துக்குப் புது சீரியலின் விளம்பரம் ஓட ஆரம்பிக்கும். அந்தத் தேதிக்குள் பழையதை முடித்தாக வேண்டும். ஒரு வளைகாப்பை ஒரு வாரம் காட்டியவர்கள், மூன்று வருடக் கணக்கை மூன்று நாளில் தீர்க்கிறார்கள். கதையை இங்கே முடிக்கலாம் என்று முடிவெடுப்பது பெரும்பாலும் எழுதுகிறவர் அல்ல. அவருக்குக் கொடுக்கப்படுவது தேதி மட்டும்.

பார்க்கிறவர்கள் பொறுமை இல்லாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். முகம், குரல், நடை எல்லாம் வேறு. ஆனாலும் உட்கார்ந்து பார்த்தார்கள். 2024 ஜூனில் அது முடிந்தது. அதே டிசம்பரில் ‘தொடர்கிறது’ என்று தலைப்பிலேயே சேர்த்து இரண்டாம் பாகம் வந்தது. கதை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அந்தத் தலைப்பே ஒப்புக்கொள்கிறது.

முடிவு தெரிந்தால் பார்க்க மாட்டார்கள் என்று சேனல்காரர்கள் சிலர் நினைக்கிறார்கள். 2002இல் தொடங்கிய மெட்டி ஒலியை 2020 ஊரடங்கில் மறுபடி ஒளிபரப்பினார்கள். ஐந்து பெண்களின் அப்பாவுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர்களே திரும்ப உட்கார்ந்து அழுதார்கள். அவர்களைப் பிடித்து வைத்தது திருப்பம் அல்ல. அந்த அப்பாவின் கவலை ஒவ்வொன்றுக்கும் கதை நேரம் கொடுத்தது.

உங்கள் கேள்வியில் ஒரே ஒரு இடத்தில் உங்களோடு நிற்கிறேன். நடிகையைத் திட்டுவது தவறு, மிகப் பெரிய தவறு. அவர் வசனத்தை எழுதவில்லை. காலையில் கையில் கொடுத்த சீனை அன்றைக்கே நடித்துக் கொடுத்துவிட்டு வந்தவர். செயினை மறந்தது அவர் அல்ல. நீங்கள் கடிதத்தில் எழுதியிருந்த சீரியல் பெயரையும் அவர் பெயரையும் நான் நீக்கியது இதனால்தான். ஏற்கெனவே வந்து விழும் வசவு போதும்.

கோபத்துக்கு முகவரி வேறு. சீரியல் போட்ட சேனலுக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். மீன் அக்காவுக்கு எழுத நேரமில்லை என்றார், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, அவர் கையெழுத்தோடு அனுப்பியிருக்கிறேன். முதல் கேள்வி செயின். இரண்டாவது, கொழுந்தனின் ஆஸ்பத்திரிக் கடனை யார் கட்டியது என்பது. மூன்றாவது, ஆறு மாதமாகக் கதையில் காணாமல் போன மூத்த நாத்தனார் எங்கே? உங்கள் தெருப் பெண்களிடமும் கேள்விகள் இருக்கும். கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். சேர்த்து அனுப்புகிறோம், பதில் வந்தால் இதே பக்கத்தில் போடுகிறோம்.