நிலாவுக்கு வரைபடம் போடுவதெல்லாம் ஒரு வேலையா?

நிலாவின் மேடுபள்ளங்களை அளக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று மகள் அடம்பிடிக்கிறாள், இதை நம்பிப் படிக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். நிலாவை மட்டும் நம்பியிருக்கும் பணியிடங்கள் உலகம் முழுக்கவே குறைவு, அதிலும் பலவற்றுக்கு முனைவர் பட்டம் வேண்டும். ஆனால் அந்த வேலைக்குத் தேவையான திறமைக்கு நல்ல கிராக்கி இருக்கிறது.

அது என்ன திறமை? சந்திரயான்-2 ஆர்பிட்டரில் உள்ள டி.எம்.சி-2 கேமரா ஒரே நிலப்பரப்பை முன்னோக்கி, நேர் கீழே, பின்னோக்கி என்று மூன்று கோணங்களில் படம் எடுக்கிறது. ஒரு பள்ளத்தின் விளிம்பு ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் எவ்வளவு நகர்ந்து தெரிகிறது, அப்போது விண்கலம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதையெல்லாம் வைத்து உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். இதற்குப் பெயர் போட்டோகிராமெட்ரி. டிரோன் படங்களிலிருந்து சுரங்கத்தையும் நிலச்சரிவையும் அளப்பதும் இதே கணக்குதான், அதனால் நிலா கைவிட்டாலும் பூமியில் பிழைப்பு உண்டு.

கணினி தானே செய்துவிடாதா என்று கேட்பீர்கள். செய்யும், ஆனால் அடையாளமே இல்லாத சமவெளியில் படங்களைத் தப்பாகப் பொருத்தி, இல்லாத குன்றை உருவாக்கிவிடும். துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களின் அடியில் வழக்கமான கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே நாசாவின் எல்.ஆர்.ஓ விண்கலத்தில் உள்ள லோலா கருவி லேசரால் அளந்த உயரங்கள்தான் துணை. எந்த எண்ணை நம்புவது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கத்தான் ஆள் வேண்டும்.

படிப்பின் பெயரில் 'விண்வெளி' இருக்கிறது என்பதற்காகப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஜியோமேட்டிக்ஸ் (நிலத்தை அளந்து வரைபடமாக்கும் படிப்பு), இயற்பியல், நிலவியல், கணினி அறிவியல் என எந்த வழியாகவும் வரலாம். பாடத்திட்டத்தில் நேரியல் இயற்கணிதம், அளவீட்டுப் பிழைகளைச் சரிக்கட்டும் கணக்கு, நிரலாக்கம் மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அதற்கு முன்னால் அவளே ஒருமுறை செய்து பார்க்கட்டும். எல்.ஆர்.ஓ படங்கள் இலவசம், ஏம்ஸ் ஸ்டீரியோ பைப்லைன் என்ற நாசா மென்பொருளும் இலவசம், லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் கொஞ்சம் பழகியிருந்தால் போதும். ஒரே இடத்தின் இரண்டு படங்களை எடுத்து உயர வரைபடம் உருவாக்கி, லோலா எண்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள். முதல் தடவை ஒத்துப்போகாது, அது சகஜம். எங்கே பிசகியது என்று அவளாகவே நோண்ட ஆரம்பித்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். படம் அழகாக வந்ததே, போதும் என்று மூடிவைத்தால் வேறு துறையையும் சேர்த்தே யோசியுங்கள்.