மல்லிகைக்குப் பெயர்போன மதுரை

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் 50 கடினமான ஆங்கிலச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்கிறேன். மறுநாளே பாதி மறந்துவிடுகிறது. நினைவில் நிற்பதையும் வாக்கியத்தில் போட்டால் தப்பாகிவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், தேனி

பதில்: தம்பி, முதலில் 50-ஐ ஐந்தாகக் குறையுங்கள். மறப்பது உங்கள் குறை இல்லை. எபிங்காஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் புத்தகமாகவே வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. வெறும் பட்டியலாகப் படிக்கும் சொல்லும் அந்த அசை மாதிரிதான்.

உங்கள் இரண்டாவது கவலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மதுரையில் பிளஸ் டூ மாணவிகளுக்கு ஆங்கிலம் எடுத்தபோது, ஊரைப் பற்றிய கட்டுரையில் ஒரு பெண், மதுரை மல்லிகைக்கு ‘நொட்டோரியஸ்’ என்று எழுதியிருந்தாள். நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு, ‘நொட்டோரியஸ் – பெயர்போன’ என்று முத்து முத்தாக எழுதி வைத்திருந்தாள். பாவம், மனப்பாடம் சரியாகத்தான் இருந்தது. தமிழில் மல்லிகைக்கும் பெயர்போகலாம், திருட்டுக்கும் பெயர்போகலாம். அந்த ஆங்கிலச் சொல்லோ கெட்ட பெயருக்கு மட்டும்தான். நல்லதற்கு ‘ஃபேமஸ்’, இன்னும் மதிப்பாகச் சொல்ல ‘ரினவுண்ட்’. அன்றிலிருந்து, சொல்லுக்கு நேரே ஒற்றைத் தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டு நகர நான் யாரையும் விட்டதில்லை. ‘நொட்டோரியஸ் கிரிமினல்’ என்று அதன் கூட்டாளியோடு சேர்த்து எழுதினால், மல்லிகைப் பக்கம் அது போகவே போகாது.

சொற்களைக் குடும்பமாகவும் பிடிக்கலாம். ‘ஸ்பெக்ட்’ என்பது பார்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேர். உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது ‘ரெட்ராஸ்பெக்ட்’. பலர் தடுமாறும் ‘சர்க்கம்ஸ்பெக்ட்’டும் இந்த வீட்டுப் பிள்ளைதான், ‘சர்க்கம்’ என்றால் சுற்றி. “சுத்துமுத்தும் பார்த்து நடந்துக்கோ” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அப்படி நடப்பவரைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு நோட்டில் சொல்லையும், அதை நீங்கள் நாளிதழில் பார்த்த வாக்கியத்தையும், கீழே உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றையும் எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என மூன்று முறை, அர்த்தத்தைக் கையால் மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். திறந்து வைத்துத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது நன்றாக ஒட்டும். வங்கித் தேர்விலும் பத்திக்கு நடுவே, கோடிட்ட இடத்தில்தான் பெரும்பாலும் சொல்லைச் சோதிக்கிறார்கள். அங்கே இந்தச் சொந்த வாக்கியப் பழக்கம் கைகொடுக்கும்.

இன்று ராத்திரியே தொடங்குங்கள். உங்கள் மாவட்டத்துக் கம்பம் திராட்சையை வைத்து ‘ரினவுண்ட்’டுக்கு முதல் வாக்கியம் எழுதுங்கள்.