ஜீல் இரையுதா? ஓட்டைய அடைச்சுடாதீங்க

கானால, அக்ராவுல வேலை பாக்குற ஒருத்தர் கேட்டிருக்கார். லாராங்கிற ஊர் பக்கத்துலேர்ந்து 14 கட்டை ஜீல் வாங்கினாராம் (மரக்கட்டைய வரிசையா கட்டி, கீழ சுரைக்குடுக்கை தொங்கவிட்டு, குச்சியால தட்டி வாசிக்கிற வாத்தியம்), எந்தக் கட்டைய தட்டினாலும் கூடவே வண்டு மாதிரி இரைச்சல், கீழ தொங்குற சுரைக்குடுக்கைலெல்லாம் ஓட்டை வேற. ஓட்டைய அடைச்சு கீபோர்டுக்கு ட்யூனும் பண்ணித் தரேன்னு ஒரு ஆள் காசு கேக்குறாராம், குடுக்கலாமான்னு.

குடுக்காதீங்க சார். ஓட்டை வேணும்னே போட்டது. சுவத்துல சிலந்தி முட்டை வெச்சு வெள்ளையா பேப்பர் மாதிரி மூடியிருக்குமே, அத உரிச்சு அதுமேல ஒட்டியிருப்பாங்க, இப்பல்லாம் மெல்லிசு பிளாஸ்டிக்கும் ஒட்டுறாங்க. கட்டைய தட்டினா குடுக்கைக்குள்ள காத்து அதிரும், ஜவ்வு துடிக்கும், அதான் இரைச்சல். நம்ம தம்பூராவுக்கு ஜீவா நூல் எதுக்கு வைக்கிறோம், அந்த மாதிரிதான். தகாரா ஜனங்க சாவு வீட்டுல வாசிக்கிற வாத்தியம், சத்தமே அப்படித்தான்.

ஒரே ஒரு கட்டை மட்டும் வேற மாதிரி கரகரன்னா அது வேற கேஸ். அந்தக் கட்டைய கழட்டி, வார் போற இடத்துல ரெண்டு விரலால லேசா தூக்கிப் புடிச்சு தட்டுங்க. தனியாவும் கரகரத்தா கட்டைல விரிசல். நல்லா பாடினா கட்டை மேல தப்பில்ல, குடுக்கை மேல ஏறி கட்டைய இடிக்குது, இல்ல வார் தளர்ந்திருக்கு, இழுத்துக் கட்டினா போதும். தட்டும்போது இறுக்கிப் புடிச்சீங்கன்னா நல்ல கட்டையும் பொத்து பொத்துன்னுதான் கேக்கும், அத வெச்சு முடிவு பண்ணாதீங்க.

அந்த ட்யூன் ஆசாமிதான் எனக்குப் பயம். ஜீல்ல அஞ்சு சுரம்தான், அதுவே மேலயும் கீழயும் திரும்பத் திரும்ப வரும், அதுவும் செஞ்சவர் காதுக்கு வெச்சது, கீபோர்டோட ஒட்டாது. அடிப்பக்கம் நடுவுல சீவினா சுருதி இறங்கும், ஓரத்துல சீவினா ஏறும், சீவின மரம் திரும்பி வராது. எங்கிட்ட வர்ற பாதி ஜீல் இப்படி சுரண்டி நாசமானதுதான், நான் என்ன பண்ணட்டும்.

ஊருக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா இப்பவே பெர்மிட் பேப்பர் பாருங்க. நல்ல ஜீல் கட்டை ஆப்பிரிக்க வேங்கை, 2017லேர்ந்து சைட்டீஸ் ரெண்டாம் பட்டியல்ல இருக்கு (சைட்டீஸ்னா அழியுற ஆபத்துல இருக்குற மரம், மிருகத்த நாடு விட்டு நாடு விக்கிறத கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்). செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்கு என்ன விதின்னு கேட்டா ஒரு மேஜைல ஒண்ணு சொல்வாங்க, அடுத்த மேஜைல அதையே மாத்துவாங்க, நாள் முழுக்க அலைய விட்டுட்டு அப்புறம் லஞ்ச் டைம்பாங்க. எழுத்துல வாங்குங்க. ஏர்போர்ட்ல "நான் பாத்துக்குறேன்"னு வர்றவன் கையில பத்து பைசா குடுக்காதீங்க.