அரசு ஜெனரேட்டரை ஏலத்தில் எடுக்கலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். ஒரு அரசு அலுவலகம் தன் பழைய 62.5 கேவிஏ டீசல் ஜெனரேட்டரையும் ஒரு ஜீப்பையும் எம்எஸ்டிசி என்ற இணைய ஏலத் தளத்தில் ஏலம் விடுகிறது. இரண்டையும் எடுக்கலாமா?

பதில்: ஜெனரேட்டரை எடுக்கலாம். ஆனால் நேரில் பார்க்காமல் விலை கேட்டுவிடாதீர்கள். எம்எஸ்டிசி மத்திய அரசு நிறுவனம்தான் என்றாலும் அது ஏலத்தை நடத்தித் தருவதோடு சரி. பொருள் அந்த அலுவலகத்துடையது. ‘எங்கே, எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே’ என்பதுதான் நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொன்னால் எடுபடாது.

பார்வையிடும் நாட்கள் ஏல அறிவிப்பிலேயே இருக்கும். ஜெனரேட்டர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் ஓட்டிக் காட்டமாட்டார்கள். அதனால் முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் விட்ட காபி போல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்புறம் இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் உள்ளே இறுகிப்போயிருக்கிறது. அப்படியிருந்தால் இரும்பு விலைக்கு மேல் போகாதீர்கள். பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி), ரேடியேட்டர் எல்லாம் இருக்கின்றனவா? கழித்துக்கட்டிய பொருள் கொட்டகையில் கிடக்கும்போது இவைதான் முதலில் காணாமல் போகும். மின்சாரம் உண்டாக்கும் பகுதியான அல்டர்னேட்டரை, மின்கசிவு பார்க்கும் மெகர் கருவி வைத்துச் சோதிக்க அனுமதி கேளுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் வெறும் ஈரமாகவும் இருக்கலாம், காயில் போயிருக்கவும் கூடும். காயிலைப் புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்வதே நல்லது.

இனி விலை. உங்கள் ஊரில் இதே அளவில் ஓடுகிற பழைய செட் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அதிலிருந்து ரிப்பேர், கிரேன், லாரி வாடகை, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் கழியுங்கள். நீங்கள் கேட்கும் தொகையில் வரி பொதுவாகச் சேர்ந்திருக்காது. ஸ்கிராப் என்று விற்றால், விற்பவர் உங்களிடம் வசூலிக்கும் வருமான வரியான டிசிஎஸ்ஸும் உண்டு. மிச்சம் வருவதுதான் உங்கள் உச்சவரம்பு. அதைத் தாளில் எழுதிவைத்துவிட்டு ஏலத்தில் உட்காருங்கள். கடைசி நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் முடியும் நேரமும் தள்ளிப்போகும். அந்தச் சூட்டில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

அதிக விலை கேட்டவர் நீங்கள்தான் என்றாலும், ‘ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்று போட்டிருந்தால் அலுவலகம் சம்மதிக்கும் வரை பொருள் உங்களுடையது இல்லை. லாரிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒப்புதல் வந்தபின் கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் ஏலத்தில் சேர நீங்கள் முன்கூட்டியே கட்டிய முன்வைப்புத் தொகை போய்விடும். பொருளை எடுத்துப்போகத் தாமதமானால், அது கிடக்கும் இடத்துக்கான தரைவாடகை ஏறும்.

ஜீப் விஷயம் வேறு. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிப்பதில்லை. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்குத்தான் போக வேண்டும், உங்களால் ஓட்ட முடியாது. வயது அதற்குள் இருந்தால், ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண், வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று அழுக்கைத் தேய்த்துப் பார்த்துச் சரிபாருங்கள். வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள், ஏலத்தில் எடுத்தவர்களுக்கான படிவம் 32-ஐ ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள்.