சூனியக்காரி என்று பட்டம் கட்டப்பட்டவர்களை எழுதுவது: டீச்சரிடம் கேளுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் கூடிப் படிக்கும் வட்டத்தில், சூனியக்காரிகள் என்று பழி சுமத்தப்பட்ட பெண்களைப் பற்றிய சரித்திரக் கதைகளை இந்த மாதம் பேசினோம். வரலாறு கற்பித்தவள் என்பதால் கேள்விகளை என்னிடம் கொடுத்தார்கள்.

லிந்தாங் வாசகர்: டீச்சர், என் கதையின் முடிவில் சேலத்துப் பெண்ணை உயிரோடு எரிக்கிறார்கள். சரிதானா?

வேண்டாம் தம்பி. அமெரிக்காவின் சேலத்தில் 1692-இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் 14 பேர் பெண்கள். ஒரு கிழவரைக் கல்லேற்றி நசுக்கினார்கள். யாரையும் எரிக்கவில்லை. எரித்தது ஜெர்மானிய நாடுகள், ஸ்காட்லாந்து போன்ற இடங்களில்.

கோலகங்சார் மாணவி: விசாரணைக் காட்சி எழுதினால் வெறும் கூச்சலாகவே வருகிறது, டீச்சர்.

கூச்சலை விடும்மா, அதே சேலத்து வழக்கில் சிக்கிய ரெபேக்கா நர்ஸைப் பார். எழுபது வயதைத் தாண்டியவர், ஊரில் நல்ல பேர். ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றார்கள். பாதிக்கப்பட்டதாகச் சொன்ன பெண்கள் அலறினார்கள். ரெபேக்கா முன்பு சொன்ன ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவரிடமே கேட்டார்கள். காது மந்தம், மனம் நிறையத் துக்கம். கேள்வி அவர் காதில் விழவில்லை. பதில் வராததையே குற்றமாக எடுத்துக்கொண்டு தீர்ப்பை மாற்றினார்கள். ஜூலை 19-இல் தூக்கு. அந்த மௌனத்தை எழுது, காட்சி தானாக நிற்கும்.

இன்னொரு வாசகி: சேலத்தில் பழி சுமத்தப்பட்ட டிடூபா, தான் சூனியக்காரிதான் என்று ஒப்புக்கொண்டது கோழைத்தனம் இல்லையா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் அடிமை. சேலத்தில் ஒப்புக்கொண்டவர்கள் உயிர் தப்பினார்கள், மறுத்தவர்கள்தான் தூக்குக்குப் போனார்கள். தப்பியும் அவர் ஓர் ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். சிறைச் செலவைக் கட்ட எஜமானர் மறுத்துவிட்டார்.

தோட்டத்துப் பிள்ளை ஒருவர்: பழி எங்கிருந்து தொடங்குகிறது? இதை நம் ரப்பர் தோட்டத்திலேயே நடப்பதாக எழுதலாமா?

பெரும்பாலும் அக்கம்பக்கத்தில்தான். 1612-இல் இங்கிலாந்தின் பெண்டில் பகுதியில், அலிசன் டிவைஸ் என்ற பெண் வழியில் வந்த வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவன் தரவில்லை. கொஞ்ச தூரத்தில் கைகால் விழுந்து சாய்ந்தான். அந்தக் குண்டூசியில் தொடங்கிய வழக்கு பத்துப் பேரின் தூக்கில் முடிந்தது. அலிசனின் ஒன்பது வயதுத் தங்கை ஜெனட்டை மேசைமேல் நிறுத்தி, பெற்ற தாய்க்கு எதிராகவே சாட்சி சொல்ல வைத்தார்கள்.

நம் தோட்டத்தில் தாராளமாக எழுதலாம். ஆனால் தூக்குமரத்தைக் கொண்டுவந்து நடாதீர்கள். இங்கே தண்டனை வேறு. எங்கள் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையின் கடைசி வீட்டில், ஒரு பாட்டி இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேப்பிலை மந்திரிக்க அவரிடம்தான் ஓடுவோம். ஒரு வீட்டில் கைக்குழந்தை செத்துப்போனது. மறுநாள் அவர் குழாயடிக்கு வந்ததும், வரிசையில் நின்ற பெண்கள் ஒரு வார்த்தை பேசாமல் வாளிகளைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அவருடைய வாளி மட்டும் நிரம்பி வழிந்தது. அப்புறம் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலும் தனியாகத்தான் நின்றார், மரத்தில் உறைந்துகிடக்கும் ஒட்டுப்பால் பொறுக்கவும் தனியாகத்தான் போனார். விலகியவர்களில் என் அம்மாவும் ஒருவர். எனக்கு அப்போது ஏழு வயது.

அதே தோட்டத்துப் பிள்ளை: அப்படியென்றால் யார் பார்வையில் சொல்வது, டீச்சர்?

வாளியைத் தூக்கிக்கொண்டு விலகினாளே, அவள் பார்வையில் சொல்லுங்கள்.